அவர்மேல் ஒரு கண்

ஓட்டோவை நிறுத்துவதற்கு அவருக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. ஆமர் வீதியின் நடுவில், பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும். அவர் ஆறுதலாக ஓரம் கட்டுவார். தலையை வெளியே நீட்டி மேலே பார்ப்பார்.

"அம்மா, பாருங்க. கருடன்."

துறைமுகப் பக்கமிருந்து வந்த செம்பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். தினமும் போடுகிற அதே வட்டம்தான். "இருக்காரு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகுதான் ஓட்டோ நகரும்.

இருக்கிறார் என்று அவர் சொன்னது பருந்தை அல்ல, கடவுளை. இது எனக்கு விளங்க ஒரு கிழமை எடுத்தது. விளங்கிய பிறகு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. கிழமையில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, பொரளையில் டயாலிசிஸ். ஆறரைக்கு மெஷினில் ஏற வேண்டும். பிந்தினால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். நாங்கள் மத்தியானம்வரை வாங்குப் பலகையில் குந்தியிருக்க வேண்டியதுதான். அவரை ஏற்றிவிட்டு நான் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு ஓட வேண்டும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முதல் பாடத்தை மட்டும் அதிபர் எனக்காக மாற்றித் தந்திருந்தார். அதற்குமேல் கேட்க எனக்கு முகமில்லை. ஆகவே கொட்டாஞ்சேனையில் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் நிமிடம் முதல் எல்லாம் கணக்கு. படி இறங்க ஏழு நிமிடம், பஞ்சிகாவத்தையைத் தாண்டப் பத்து நிமிடம், மருதானைச் சந்தியில் ஐந்து நிமிடம். இந்தக் கணக்கில் பருந்துக்கு இடமில்லை.

போனில் கூப்பிட்டால் வருகிற ஓட்டோக்கள் எங்கள் ஒழுங்கையின் பெயரைக் கேட்டதும் வராமல் விட்டுவிடுவதால், பக்கத்து வீட்டுக்காரர்தான் இவரைக் காட்டித் தந்தார். கோயில் மூலையில் நிற்கிறவர், குடிப்பதில்லை, மரியாதையான மனிதர் என்றார். மனம்போனபடி நின்று நின்று போகிறவர் என்பதைச் சொல்லவில்லை.

ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை வெயிலிலும் பூட்டியிருப்பார். மலையகத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனை ஓட்டோக்களில் மாதாவோ முருகனோ புத்தரோ, சிலதில் மூன்று பேருமோ இருப்பார்கள். இவருடைய ஓட்டோவில் ஒன்றுமில்லை.

"அண்ணை, நீங்கள் வேதக்காரரோ சைவமோ?" என்று ஒருநாள் கேட்டேன். "படம் ஒண்டையும் காணேல்லை."

"படத்த வச்சா நான் அத மட்டும்தான் பாப்பேம்மா" என்றார்.

படத்தையாவது வைத்திருக்கலாம். படம் ஓட்டோவுக்குள் இருக்கும். அதற்காக வழியில் நிற்க வேண்டியதில்லை.

மருதானையில் ஒரு பழைய கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் வெடிப்புக்குள் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பார். "நேத்து அஞ்சு எல. இன்னைக்கு ஆறாவது விரியுது." ஒரு நாள் யாரோ அதை வெட்டி எறிந்திருந்தார்கள். அன்றைக்கு முழு வழியும் பேசாமல் வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று கிழமை கழித்து, அதே வெடிப்பில் ஊசி முனை அளவு சிவப்பாக எதையோ கண்டுபிடித்துவிட்டார். பழையபடி ஆரம்பம்.

ஒரு மழைக் காலை, ஒழுங்கையை விட்டு வெளியேறவே இல்லை, ஓட்டோ நின்றுவிட்டது. இறங்கிப்போனார். முன் சில்லுக்கு நேரே ஒரு பெரிய நத்தை. அதைக் கையால் தூக்கினாலும் பரவாயில்லை. அது போகட்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நத்தைக்குக் குடை.

"அண்ணை, உது போய்ச் சேர இவருக்கு மெஷின் போயிடும்."

"தூக்கினா அது உள்ளுக்குப் போயிரும்மா. அப்புறம் அது எந்தப் பக்கம் போக நெனச்சிச்சுன்னு அதுக்கே தெரியாது."

நான் இறங்கிப் போய், நத்தையைப் பிடித்து, மதிலோரம் வைத்துவிட்டு, கையை என் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினேன். என் கணவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சிறுநீரக வருத்தம் வந்த நாளிலிருந்து அவர் கதைப்பதை விட்டிருந்தார். ஓம், இல்லை, காணும். இவ்வளவுதான். குடிக்கிற தண்ணீரை நான் அளந்து வைப்பேன், குளிசைகளை நாள்வாரியாகப் பெட்டியில் போட்டு வைப்பேன், கிழங்கை வெட்டி இரண்டு தரம் அவித்து வடிப்பேன், ரிப்போர்ட்டுகளைத் திகதி வாரியாக அடுக்குவேன். இத்தனைக்கும் எனக்குக் கிடைத்தது ஒரு தலையாட்டல். அந்த மனிதர் ஒரு நத்தைக்குக் குடை பிடித்து அவரைச் சிரிக்க வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு டயாலிசிஸ் முடிந்ததும் என் கணவரைக் கூட்டிக்கொண்டு வருவதும் ஓட்டோக்காரர்தான். நான் பள்ளிக்கூடத்தில் நிற்பேன். அந்தத் திரும்பி வருகிற பயணத்தில் என்ன கதைத்தார்களோ தெரியாது. ஒரு பின்னேரம், பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த என்னிடம் என் கணவர் கேட்டார்:

"இண்டைக்கு மேகத்தைப் பார்த்தனீரே?"

நான் பேனையைக் கீழே வைத்தேன். இருபத்தொன்பது வருடக் கலியாணத்தில் அவர் மேகத்தைப் பற்றிக் கேட்டதில்லை. கப்பல் கொம்பனியில் வேலை செய்த மனிதர். மழை வந்தால் குடை எங்கே என்று கேட்பார், அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன். "எனக்கு எங்க நேரம்?"

"வடிவாயிருந்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பொறாமை வந்தது. ஒரு ஓட்டோக்காரர்மேல் பொறாமைப்படுகிறேனே என்று என்மேலேயே கோபமும் வந்தது.

அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை விடிய, கட்டிலை விட்டு எழும்பின என் கணவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கால்கள் நிற்கவில்லை. நாடி மெதுவாக, விட்டு விட்டு அடித்தது. ஓட்டோக்காரரும் பக்கத்து வீட்டுக்காரருமாகத் தூக்கி இறக்கினார்கள். அன்றைக்கு மட்டும் ஓட்டோ எங்கேயும் நிற்கவில்லை. சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை.

"பொட்டாசியம் கடுமையாய்க் கூடியிருக்கு" என்றார் டொக்டர். "என்ன சாப்பிட்டவர்? என்ன குடிச்சவர்?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் என் கையால் அளந்தவை. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அப்போது வாசலில் நின்ற அவர் உள்ளே ஒரு அடி வைத்து, "நேத்து தம்பிலி குடிச்சாருங்க. ரெண்டு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றார்.

செவ்விளநீர். சிறுநீரக வருத்தக்காரருக்கு முதல் நாளே சொல்லுகிற முதல் விலக்கு அது. ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்பு எடுக்கப் போன நேரத்தில் இது நடந்திருக்கிறது.

ஊசி போட்டார்கள், மெஷினில் ஏற்றினார்கள், மத்தியானம் அளவில் நாடி வழிக்கு வந்தது. நான் வெளியே வந்தபோது அவர் கொரிடோரில் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். நான் சத்தம் போடவில்லை. பிள்ளைகளுக்குப் பூச்சியம் போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற குரலில் சொன்னேன்.

"பருந்து காட்டினீங்கள், பொறுத்தன். நத்தை காட்டினீங்கள், அதையும் பொறுத்தன். இப்ப உங்கட கடவுள் தந்த தண்ணிதான் இவரைக் கொல்லப் பார்த்தது. இனி வரவேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். போய்விட்டார்.

புதிதாக ஒரு பெடியனைப் பிடித்தேன். காதில் எதையோ செருகிக்கொண்டு ஓட்டுவான். ஆறு இருபதுக்குப் பொரளையில் நிற்போம். என் கணக்கு முதன்முறையாகச் சரிவந்தது. என் கணவர் பழையபடி வாயை மூடிக்கொண்டார்.

பத்தாம் நாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அவரில பிழையில்லை. டொக்டர் குடிக்கலாம் எண்டு சொன்னவர் எண்டு நான்தான் அவருக்குச் சொன்னனான்."

"என்ன?"

"ரெண்டு தரம் கேட்டவர், அம்மாக்குத் தெரியுமோ எண்டு. தெரியும் எண்டனான்." பிறகு, "எனக்குத் தாகமாயிருந்தது. நீர் அளந்து வைக்கிற அந்தக் கோப்பையைப் பார்க்கப் பார்க்கத் தாகமாயிருந்தது."

நான் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன். அழவில்லை. யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நேரே கோயில் மூலைக்குப் போனேன். ஓட்டோவின் பின் இருக்கையில் இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எதம்மா?"

"அவர்தான் பொய் சொன்னவர் எண்டு."

"ஐயா மெஷின்ல கெடந்தாரு. சொல்லியிருந்தா நீங்க அவரத் திட்டியிருப்பீங்க."

உண்மைதான். திட்டியிருப்பேன்.

"அதோட நீங்க சொன்னதும் சரிதானே" என்றார். "தண்ணி கடவுள் குடுத்ததுதான். அவரு குடுக்கிறது எல்லாம் நல்லதுக்குன்னு நான் எப்பவும் சொன்னதில்லையேம்மா. எங்க லயத்து மேல வந்து விழுந்த மலையும் அவரோடதுதான்."

அப்போதுதான் அதைச் சொன்னார், பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், மலைக்குக் கீழே லயம் என்கிற வரிசை வீடுகள். இவருக்கு அப்போது இருபத்தாறு வயது. நான்கு நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில், லயத்துக்குப் பின்னால் எப்போதும் தண்ணீர் வராத இடத்திலிருந்து கலங்கல் தண்ணீர் வந்திருக்கிறது. வேலிக் கம்பு ஒன்று சரிந்திருந்தது. நாய் வாசலுக்குள் வரமாட்டேன் என்று நின்றிருக்கிறது.

"எல்லாத்தையும் பாத்தேன். பாத்துட்டு, என்னமோன்னு விட்டுட்டு, லாம்பெண்ண வாங்க டவுனுக்குப் போயிட்டேன். ரெண்டு மணிக்குத் திரும்பி வர்றேன், லயம் இருந்த எடம் இல்ல. அம்மா, தங்கச்சி, தங்கச்சி புள்ள." கையிலிருந்த பாணைப் பார்த்தார். "அவரு எனக்கு எத்தன தடவ சொன்னாரு பாருங்க. நான்தான் கேக்கல."

நான் கேட்கக்கூடாததைத்தான் கேட்டேன்.

"பிறகு என்னத்துக்கு நாள் முழுக்க அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரியுறீங்கள்?"

"நன்றியா?" உண்மையாகவே திகைத்துப்போனார். "நான் எப்பம்மா நன்றி சொன்னேன்? இருக்காருன்னுதானே சொல்றேன். நான் அவரு மேல ஒரு கண்ணு வச்சிருக்கேன். நான் அசந்தா அவரு என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியும்."

பாணை மெதுவாகப் பேப்பரில் சுற்றி வைத்தார்.

"ஆனா பாத்துக்கிட்டே இருந்தா அவரு அழகாவும் இருக்காரு. அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

தேவாரம் பாடி வளர்ந்தவள் நான். கடவுளை இப்படிச் சந்தேகக் கண்ணோடு பின்தொடர்ந்த ஒரு மனிதரை அதுவரை கண்டதில்லை. இத்தனை காலம் அவர் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் காவல் இருந்திருக்கிறார்.

"நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு வாங்கோ" என்றேன். "வழியில நிப்பாட்டக் கூடாது."

"சரிம்மா."

மறுநாள் இரண்டு தரம் நிப்பாட்டினார்.

இதை எழுதும்போது அவரை ஞானியாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவர் ஞானியில்லை. பலதடவை பிழை விட்டவர். ஒரு ஒக்டோபர் மாதம், காற்றோடு மழை. மருதானைப் பாதையில் ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "அந்த மரம் சரியில்லம்மா, வேர்ல மண்ணு இளகியிருக்கு, இன்னைக்கு அதுக்குக் கீழ போகவேணாம்" என்று சொல்லி, எங்கெங்கோ சுற்றி, எங்கள் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நானும் என் கணவரும் பின்னேரம் இரண்டு மணிவரை வாங்கில் இருந்தோம். அந்த மரம் விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. இன்றைக்கும் அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது அது பச்சைப் பசேலென்று நிற்கிறது. அன்றைக்கு நான் அவரைப் பேசிய பேச்சை எழுத முடியாது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "விழாதது நல்லதுதானேம்மா" என்றார். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு இருவரையும் விட்டுவிட்டு நடந்து போகலாம் போலிருந்தது.

என் கணவர் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். மெஷினில் இருந்தபடியே, ஒரு வெள்ளிக்கிழமை, இதயம் நின்றுவிட்டது. யாருடைய பிழையும் இல்லை. பொரளை மயானத்தில் எல்லோரும் வந்து என் கையைப் பிடித்து, கடவுளின் விருப்பம் என்றார்கள், அவருக்கு இனி வேதனையில்லை என்றார்கள். நான் தலையாட்டிக்கொண்டேயிருந்தேன். கடைசியாக அவர் வந்தார். மேல் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை.

"இது சரியில்லம்மா" என்றார். "அவருகிட்ட சொல்லிட்டேன்."

அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டவற்றில் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

பிறகு அவரை அதிகம் காணவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் நேரே பஸ்ஸில் போனேன். கோயில் மூலையைக் கடக்கும்போது கையைக் காட்டுவார். சில நாள் கையைக் காட்டாமல் வானத்தைக் காட்டுவார். நான் பார்க்காமல் போவேன், சில நாள் பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டினார். தோளில் ஒரு பை.

"மேல மழ நிக்கவே இல்லையாம். எங்க சொந்தக்காரங்க இன்னும் அதே மலைக்குக் கீழதான் இருக்காங்க. போயிட்டு வர்றேம்மா."

"பஸ் ஓடுதே?"

"ஓடுற வரைக்கும் போறேன். அப்புறம் நடப்பேன்."

போனவர் திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். ஓட்டோவை அவருடைய கூட்டாளி ஒருவர் ஓட்டுகிறார். அவர் எங்கேயும் நிற்பதில்லை. அந்த மலையும் விழவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது விழவில்லை.

ஆனால் அது விழாது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? போய் மூன்றாம் நாள், பள்ளிக்கூட இடைவேளையில் என் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே அவருடைய குரல். ஒருவரும் உத்தரவு போடாமலே பத்தொன்பது குடும்பங்களை லயத்தைவிட்டு வெளியேற்றி, கீழே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கெஞ்சியிருக்கிறார், கத்தியிருக்கிறார், ஒரு வீட்டில் அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"மலை வந்ததே?" என்று கேட்டேன்.

"வரல்லம்மா. அப்பிடியே உக்காந்திருக்கு. எல்லாரும் என்னைய வையிறாங்க. அரிசி நனஞ்சிருச்சாம், கோழியக் காணோமாம், புள்ளைகளுக்குக் காய்ச்சலாம். திரும்பிப் போறோம்ங்கிறாங்க."

எனக்கு அந்த மக்களை நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தது. நான் அவர்களில் ஒருத்தி. அவர்களுடைய ஒவ்வொரு வசவும் என் வாயிலிருந்து போனது போலவே இருந்தது.

"விடாதேங்கோ" என்றேன். "மழை விட்டு ரெண்டு நாள் போகட்டும். அதுவரைக்கும் ஒருத்தரையும் மேல விடாதேங்கோ."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க. டீச்சர் சொன்னா கேப்பாங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. ஒரு பெண்ணின் குரல், தொண்டை கட்டியிருந்தது.

"யாருங்க நீங்க? இந்தாளு லூசுங்க. மூணு நாளா எங்களப் போட்டுப் படுத்துறாருங்க. மலையப் பாரு, தண்ணியப் பாரு, நாயப் பாருன்னு உசுர வாங்குறாருங்க."

"ஓம்" என்றேன். "எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் மூண்டு வருஷம் அவரோட மாரடிச்சனான்."

மறுமுனையில் மழைச் சத்தம் கேட்டது. மணி அடித்து, பிள்ளைகள் என்னைக் கடந்து வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவர் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றேன்.